கடன் வேண்டாம், பாக்கியைக் கொடுங்கள்

ஜனவரி பிறந்தால் நைரோபியில் தகரப் பெட்டிக்குக் கிராக்கி வந்துவிடும். கென்யாவில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் நிறையப் பேர் விடுதியில் தங்கிப் படிப்பவர்கள். புதிதாகச் சேரும் பிள்ளைக்கு மெத்தை, போர்வை, வாளியோடு பூட்டுப் போடும்படியான ஒரு பெட்டியும் வாங்கித் தந்தாக வேண்டும். அந்தப் பெட்டிகள் பிறக்கும் இடம் கமுகுஞ்சி, கிகோம்பா சந்தைக்குப் பக்கம். தெருவுக்குள் நுழையும் முன்பே சுத்தியல் சத்தம் காதை அடைக்கும். பெட்டி, கரி அடுப்பு, வாணலி, ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி என்று எல்லாவற்றையும் ஆட்கள் தரையில் உட்கார்ந்து கையால் தட்டியே செய்கிறார்கள். ஜுவா காலி என்று இந்த வகைத் தொழிலுக்குப் பெயர். கூரையில்லாமல் வெயிலில் செய்வதால் வந்தது. சிறு விவசாயம் போக, கென்யாவில் வேலை பார்க்கும் 10 பேரில் 8 பேருக்கு மேல் இப்படிப்பட்ட பதிவில்லாத் தொழில்களில்தான் இருக்கிறார்கள் என்று அந்த நாட்டு அரசே ஆண்டுதோறும் தன் பொருளாதார அறிக்கையில் சொல்கிறது.

நான் இவர்களுக்குக் கணக்கு எழுதுகிறவள். விருதுநகரிலிருந்து கல்யாணமாகி வந்தவள்; பிள்ளைகள் தலையெடுத்த பிறகு ரிவர் ரோட்டில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து பட்டறைக்காரர்கள், தையல்காரர்கள், மாவு மில் நடத்துகிறவர்கள் கணக்குகளைப் பார்க்கிறேன். ரசீதெல்லாம் துணிப்பையில் வரும். 2017-ல் இங்கே பிளாஸ்டிக் பைக்குத் தடை போட்டுவிட்டார்கள். அந்தத் தடையை அமல்படுத்திய சுறுசுறுப்பில் கால்வாசி மற்ற விஷயங்களில் இருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையிருந்திருக்காது.

ஆப்பிரிக்காவின் சிறு தொழில்களுக்குக் கை கொடுக்க வேண்டும் என்று பேசாதவர் இல்லை. 2015 ஜூலையில் ஒபாமாவே நைரோபிக்கு வந்து தொழில்முனைவோர் உச்சி மாநாட்டை நடத்திவிட்டுப் போனார். எல்லோரும் கடைசியில் வந்து நிற்பது இரண்டு இடத்தில்: கடன் கொடுப்போம், பயிற்சி கொடுப்போம். பேரேட்டைப் புரட்டுகிற எனக்கு வேறொன்று கண்ணில் படுகிறது. இவர்கள் பட்டிருக்கும் கடனைவிட இவர்களுக்கு வர வேண்டிய பாக்கிதான் இவர்களைக் கொல்கிறது.

ஒரு பெண்மணியின் கணக்கைச் சொல்கிறேன். பேரையும் ஊரையும் விட்டுவிடுகிறேன். தச்சுப் பட்டறை வைத்திருக்கிறார். கென்யாவில் 47 கவுன்டிகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் தனி ஆளுநர், தனி பட்ஜெட். பாலர் பள்ளிகள் அந்தக் கவுன்டி அரசுகளின் பொறுப்பு. அரசுக் கொள்முதலில் 30 சதவீதத்தைப் பெண்கள், இளைஞர்கள், மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கும் திட்டம் 2013-ல் வந்தது. அந்த ஒதுக்கீட்டில் ஒரு கவுன்டியின் பாலர் பள்ளிகளுக்குக் குட்டி மேசை நாற்காலி செய்து தரும் ஆர்டர் இவருக்குக் கிடைத்தது. மதிப்பு 12,00,000 ஷில்லிங், அதற்கு மேல் 16 சதவீத வாட் வரி 1,92,000. மரம், இரும்புக் குழாய், கூலி எல்லாம் சேர்த்துச் செலவு 10,20,000. லாபம் 1,80,000 நிற்க வேண்டும்.

கைக்காசும் சீட்டுப் பணமும் சேர்த்து 3,20,000 போட்டார். (சீட்டு இங்கேயும் உண்டு, சாமா என்பார்கள், பெண்கள்தான் அதிகம்.) மீதி 7 லட்சத்துக்கு, எல்.பி.ஓ. என்று இங்கே எல்லோரும் சொல்லும் கொள்முதல் ஆணையைக் காட்டி ஒரு கடன் கம்பெனியில் மாதம் 4 சதவீத வட்டிக்கு வாங்கினார். செப்டம்பரில் கடன், அக்டோபரில் சரக்கு இறங்கியது. கிடங்குக்காரர் எண்ணிப் பார்த்து ஒவ்வொரு தாளிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். குறை ஒன்றுமில்லை.

பணம் வந்தது அடுத்த ஜூனில். அதுவும் நிதியாண்டு ஜூன் 30-ல் முடிகிறது என்பதால் வந்தது. மாதம் 28,000 வீதம் ஒன்பது மாத வட்டி 2,52,000. எதிர்பார்த்த லாபம் போய், கையை விட்டு 72,000 கொடுத்திருக்கிறார். குழந்தைகள் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்து அதற்குள் இரண்டு பருவம் முடித்துவிட்டார்கள்.

இதில் வாட் வரிக் கூத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆண்டு விற்பனை 50 லட்சம் ஷில்லிங்கைத் தாண்டினால் வாட் பதிவு கட்டாயம். வரித்துறையின் மின்னணு முறையில் பில் போட்ட அன்றே விற்பனை நடந்துவிட்டதாகக் கணக்கு. அடுத்த மாதம் 20-ம் தேதிக்குள் வரியைக் கட்டிவிட வேண்டும். பணம் கைக்கு வந்ததா என்று யாரும் கேட்கமாட்டார்கள். இரும்புக் குழாய் வாங்கியபோது கட்டிய 60,000-ஐக் கழித்து, நவம்பர் 20-க்குள் இவர் 1,32,000 கட்ட வேண்டியிருந்தது. அதாவது, அரசு இன்னும் தராத பணத்துக்கான வரியை அரசுக்கே கட்ட வேண்டும். கட்ட முடியவில்லை. 5 சதவீதம் அபராதம், மாதம் 1 சதவீதம் வட்டி. அதைக்கூடத் தாங்கியிருப்பார். வரி பாக்கி இருந்தால் வரிச் சான்றிதழ் கிடைக்காது. சான்றிதழ் இல்லாமல் அடுத்த டெண்டரில் கலந்துகொள்ள முடியாது. பந்தியில் உட்கார வைத்து இலையும் போட்டுவிட்டு, சோறு பரிமாறாமல் இலைக்குக் காசு கேட்ட கதை.

அரசால் பணத்தை வேகமாக அனுப்ப முடியாது என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். செல்பேசியில் பணம் அனுப்பும் எம்-பெசா 2007 மார்ச்சில் பிறந்த நாடு இது. பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், கம்பெனிப் பதிவு என்று அரசுக் கட்டணங்களையெல்லாம் 222222 என்ற ஒரே எண்ணில் கட்ட வேண்டும் என்று 2023-ல் உத்தரவு போட்டார்கள். ஆறு தடவை இரண்டை அழுத்தினால் நம் காசு நொடியில் கஜானாவுக்குப் போய்விடும். திரும்பி வரும்போது மட்டும் அதே காசுக்குக் கால் மரத்துப்போகிறது.

நியாயமான காரணங்களும் இருக்கின்றன, மறைக்கக் கூடாது. நைரோபியிலிருந்து கவுன்டிகளுக்குப் போக வேண்டிய நிதி மாதக்கணக்கில் தாமதமாகப் போகிறது. போலி பில்களும் உண்டு. வேலையே நடக்காத சாலைக்குப் பணம் கேட்டு வருகிறவர்கள் எல்லா நாட்டிலும் இருப்பதுபோல இங்கேயும் இருக்கிறார்கள். ஆகவே தேர்தல் முடிந்து புது ஆளுநர் வந்ததும் பழைய பில்களைச் சரிபார்க்கக் குழு போடுகிறார்கள். 2022 தேர்தலுக்குப் பிறகு பல கவுன்டிகளில் இது நடந்தது. குழு போலியைக் கண்டுபிடிக்கிறதோ இல்லையோ, ஒழுங்காகச் சரக்கு கொடுத்தவனும் அதே வரிசையில் நிற்கிறான். நாட்டின் பட்ஜெட் கட்டுப்பாட்டு அலுவலகம் இந்தப் பாக்கிகளைக் கவுன்டிவாரியாக வெளியிடுகிறது. கவுன்டிகள் மட்டும் வைத்திருக்கும் பாக்கி 10,000 கோடி ஷில்லிங்குக்கும் மேல். மத்திய அரசின் பாக்கி அதைவிடப் பெரிது. பட்ஜெட்டில் பணம் இருந்தால்தான் கொள்முதலைத் தொடங்கலாம் என்று 2015-ம் ஆண்டுக் கொள்முதல் சட்டம் சொல்கிறது. பட்ஜெட்டில் இருக்கத்தான் செய்கிறது. கஜானாவில்தான் இல்லை.

இல்லாத காசை எங்கிருந்து கொடுப்பது என்று கேட்பார்கள். எல்லோருக்கும் இல்லாமல் போகவில்லையே. 2024 ஜூனில் முதிர்ந்த 200 கோடி டாலர் வெளிநாட்டுக் கடன்பத்திரத்தைக் கென்யா அடைத்தது. அதற்காக அந்த பிப்ரவரியிலேயே அதிக வட்டிக்குப் புதுக் கடன் வாங்கியது. அதே பிப்ரவரியில் உள்நாட்டில் விற்ற உள்கட்டமைப்புப் பத்திரத்துக்கு 18.46 சதவீத வட்டி, அதற்கு வருமான வரியும் கிடையாது. முதலீட்டாளருக்குத் தேதி தவறினால் நாட்டின் மானம் போய்விடும். தச்சுப் பட்டறைக்காரிக்குத் தவறினால் ஒன்றும் ஆகாது. அரசுக்குக் கடன் கொடுப்பவர்களில் பத்திரம் வாங்கியவர் வட்டி வாங்குகிறார். இவர் வட்டி கட்டுகிறார். இவரும் அரசுக்குக் கடன் கொடுத்தவர்தான் என்பதே யாருக்கும் உறைக்கவில்லை.

இன்னொன்றும் அந்த 18.46-ல் ஒளிந்திருக்கிறது. அரசிடமே அவ்வளவு வட்டி கிடைக்கும்போது எந்த வங்கி மேலாளர் கமுகுஞ்சிச் சேற்றில் ஷூவை நனைத்துக்கொண்டு வருவார்? வட்டிக்கு உச்சவரம்பு கட்டியும் பார்த்தார்கள். 2016 செப்டம்பர் முதல் 2019 நவம்பர் வரை அந்தச் சட்டம் இருந்தது. வங்கிகள் சிறியவர்களுக்குக் கடன் கொடுப்பதையே சுருக்கிக்கொண்டன.

ஆகவே இவர்கள் போனில் கடன் வாங்குகிறார்கள். 2012-ல் வந்த எம்-ஷ்வாரியில் 30 நாள் கடனுக்குக் கட்டணம் 7.5 சதவீதம், வட்டி என்று அதைச் சொல்லமாட்டார்கள், ஆண்டுக் கணக்குப் போட்டால் 90. 2022 தேர்தலில் வென்ற கட்சியின் சின்னமே ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி, கமுகுஞ்சியில் செய்கிறார்களே அதுதான். காய்கறி விற்கும் அம்மாக்களையும் பைக் டாக்ஸி ஓட்டும் பையன்களையும் முன்னிறுத்தி வாக்குக் கேட்டு வந்த அதிபர் ரூட்டோ, அந்த நவம்பர் 30-ல் ஹஸ்லர் நிதியைத் தொடங்கினார். ஆண்டுக்கு 8 சதவீத வட்டி. உண்மையிலேயே குறைவு, பாராட்டத்தான் வேண்டும். ஆனால் 500 முதல் 50,000 ஷில்லிங் வரைதான், 14 நாளில் திருப்பிக் கட்ட வேண்டும். காலையில் சந்தையில் தக்காளி வாங்கி மாலைக்குள் விற்கிறவருக்கு அது உதவும். பில் போட்டு ஒன்பது மாதம் காத்திருப்பவருக்கு 14 நாள் கடனை வைத்து என்ன செய்வது?

சிறு கடனால் ஏழைகள் வாழ்க்கை மாறிவிடும் என்ற நம்பிக்கையைப் பொருளாதார அறிஞர்கள் எத்தியோப்பியா, மொராக்கோ, நம் ஹைதராபாத் உட்பட ஆறு நாடுகளில் சோதித்து 2015-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். கெடுதல் பெரிதாக இல்லை, வாழ்க்கையும் பெரிதாக மாறவில்லை என்பதே சாரம்.

பயிற்சியை நான் கேலி செய்யவில்லை. டோகோவின் லோமே நகரில் 1,500 சிறு தொழில்காரர்களை வைத்துச் செய்த ஆய்வு 2017-ல் வந்தது. வழக்கமான கணக்கு, சந்தைப்படுத்தல் பாடம் பெரிய பலன் தரவில்லை. தானாக முன்கை எடுத்து யோசிக்கப் பழக்கிய பயிற்சியால் லாபம் 30 சதவீதம் உயர்ந்தது. கணக்குப் பாடத்தால் பலன் இல்லை என்பதைக் கணக்கு எழுதுகிற நானே சொல்ல வேண்டியிருக்கிறது! நைஜீரிய அரசு 2011-ல் தொடங்கிய யூவின் போட்டியில் 1,200 பேருக்குச் சராசரியாக 50,000 டாலர் கொடுத்தார்கள். கடனாக அல்ல, மானியமாக. மூன்றாண்டு கழித்துப் பார்த்தபோது, வெல்லாதவர்களைவிட வென்றவர்களில் அதிகம் பேர் தொழிலில் நிலைத்து நின்றார்கள், பத்துப் பேருக்கோ அதற்கு மேலோ வேலை கொடுத்தவர்களும் அவர்களில்தான் அதிகம். நிஜமான தொகை நிஜமான கையில் கிடைத்தால் அவர்களுக்கு என்ன செய்வதென்று தெரிகிறது.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு தொழில்காரர்களைப் பற்றியதே அல்ல. மேற்குக் கென்யாவில், ஒபாமாவின் தகப்பனார் ஊர் இருக்கும் சியாயாவில், ஒரு தொண்டு நிறுவனம் 10,500 ஏழைக் குடும்பங்களுக்குத் தலா 1,000 டாலர் அளவுக்குப் பணம் கொடுத்தது. 653 கிராமங்களில் ஆய்வாளர்கள் கடை கடையாக ஏறி இறங்கி விசாரித்தார்கள். கொடுத்த ஒவ்வொரு டாலருக்கும் அந்த வட்டாரப் பொருளாதாரம் ஏறத்தாழ இரண்டரை டாலர் பெருகியிருந்தது. பணம் வாங்காத கிராமத்துக் கடைகளிலும் விற்பனை கூடியது, விலைவாசி ஏறவே இல்லை என்று சொல்லலாம். அந்தக் கடைக்காரர்களுக்கு யாரும் கடன் கொடுக்கவில்லை, வகுப்பு எடுக்கவில்லை. மாவு மில்காரன் மெஷினை வைத்துக்கொண்டு ஈ ஓட்டிக்கொண்டுதான் இருந்தான். காசோடு ஆள் வந்தது, மெஷின் ஓடியது.

தொழில் திறமை இவர்களிடம் இல்லாமல் இல்லை. கமுகுஞ்சி கரி அடுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பழைய வடிவம் ரயில் பாதை போட வந்த இந்தியர்களோடு வந்ததாகச் சொல்வார்கள். 1980-களில் தாய்லாந்து அடுப்பின் அமைப்பைத் தழுவி உள்ளே சுட்டமண் வட்டை பொருத்திய புது அடுப்பு வந்தது, கரி மிச்சமாகும். பெரிய ஆலை எதுவும் வரவில்லை, இந்தத் தெருக்காரர்களே ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றுக்கொண்டு நாடு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். 1972-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கென்யாவைப் பற்றி எழுதிய அறிக்கையே இவர்களை மெச்சியது. 1985-ல் அதிபர் மோய் கமுகுஞ்சிக்கு நேரில் வந்து கூரை போட்டுத் தருவதாகச் சொன்னார்; கொஞ்சம் கூரையும் வந்தது. 1992-ல் கொள்கை அறிக்கை. பாராட்டுக்கு ஒருநாளும் பஞ்சமில்லை.

அரசை மட்டும் சொல்லிப் பயனில்லை. நகுமாட் என்று கிழக்கு ஆப்பிரிக்காவே பெருமைப்பட்ட சூப்பர் மார்க்கெட் இருந்தது. 2020 ஜனவரியில் கடன் கொடுத்தவர்கள் கூடி அதை மூட வாக்களித்தபோது பாக்கி 3,000 கோடி ஷில்லிங்குக்கும் மேல். சில வங்கிகளுக்காவது அடமானம் இருந்தது. சரக்கு போட்டவர்களுக்கு அதுவும் இல்லை. அந்த வாக்கெடுப்புக்குச் சற்று முன்பு, 2019-ல் திருத்திய போட்டிச் சட்டம் கொஞ்சம் பல் முளைத்து நிற்கிறது. பெரிய கடைக்காரர் சிறிய சப்ளையரை நசுக்குவதும் பணத்தை இழுத்தடிப்பதும் குற்றம். கார்ஃபோர் கடைகளை நடத்தும் கம்பெனி மீது ஒரு தயிர் வியாபாரி புகார் கொடுத்தார்: புதுக் கிளை திறந்தால் அதற்கொரு கட்டணம், கொஞ்சம் சரக்கு இலவசம், பில்லில் கழிவு. அவர் ஜெயித்தார். 2023 டிசம்பரில் தேன், சமையல் எண்ணெய் சப்ளை செய்த இரண்டு நிறுவனங்களின் புகாரில் அதே கம்பெனிக்கு 110 கோடி ஷில்லிங் அபராதம் விதித்தது போட்டி ஆணையம். கம்பெனி மேல்முறையீடு செய்தது. முடிவு எப்படியானாலும், ஒரு தேன் வியாபாரி புகார் கொடுக்கத் துணிந்ததே எனக்குப் பெரிது.

நம்மவர்களையும் சொல்லாமல் விட முடியாது. 2017-ல் கென்யா இந்திய வம்சாவளியினரை நாட்டின் 44-வது இனமாக அறிவித்தது; இனிப்பு வழங்கிக் கொண்டாடினோம். நைரோபி இண்டஸ்ட்ரியல் ஏரியாவின் ஆலைகளும் மொத்தக் கடைகளும் பெரும்பகுதி இந்த 44-வது இனத்தின் கையில். கமுகுஞ்சிக்காரனுக்குத் தகடு விற்கும்போது ரொக்கம். அவனிடம் தள்ளுவண்டி வாங்கும்போது 90 நாள் தள்ளித் தேதி போட்ட செக். இரண்டையும் ஒரே கல்லாவில் உட்கார்ந்து செய்பவர்களை எனக்குத் தெரியும்.

என்ன செய்யலாம்? சிறு சப்ளையர் அரசுக்குச் சரக்கு கொடுத்தால், பணம் வந்த மாதத்தில்தான் வாட் என்று ஒரு வரியைச் சட்டத்தில் சேர்க்கலாம். செலவே இல்லாத சீர்திருத்தம் இது, முதலில் இதைத்தான் கேட்பேன். பழைய பில்லுக்கு முதல் பணம் என்ற வரிசையை ஒவ்வொரு கவுன்டியும் தன் வாசலிலேயே எழுதி ஒட்டலாம். யாருடைய பில் யாரைத் தாண்டிப் போனது என்று ஊருக்குத் தெரியட்டும். தென்னாப்பிரிக்காவில் அரசுத் துறைகள் 30 நாளில் பணம் தர வேண்டும் என்று விதி. மீறுகிற துறைகளை நிதித்துறையே ஆண்டுதோறும் பட்டியல் போட்டு மானத்தை வாங்குகிறது. மீறல் நிற்கவில்லை, ஆனால் மூடி மறைக்க முடிவதில்லை. இந்தியாவில் 2006-ம் ஆண்டுச் சட்டம் 45 நாள் கெடு வைத்தது. அதையும் மீறிச் சிவகாசியிலும் கோவையிலும் பில்லுக்கு அலைகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதை வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அன்னிய நன்கொடையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். இன்னொரு போட்டி நடத்தி இன்னொரு காசோலை அட்டையைத் தூக்கிக் காட்டுவதற்குப் பதில், அரசு ஏற்றுக்கொண்டு கையெழுத்திட்ட பில்களைச் சப்ளையரிடமிருந்து உடனே காசு கொடுத்து வாங்கிக்கொள்ளும் ஒரு நிதியை வையுங்கள். பிறகு கவுன்டியின் பின்னால் நீங்கள் அலையுங்கள். உங்களுக்கு ஆளுநர் அறைக் கதவு திறக்கும், இவர்களுக்குத் திறக்காது. போன வருடம் என் வாடிக்கையாளரான அந்தத் தச்சுப் பட்டறைப் பெண்மணியைப் பெண் தொழில்முனைவோருக்கான பணவரவு மேலாண்மைப் பயிற்சிக்கு ஒரு தொண்டு நிறுவனம் அழைத்தது. மதியச் சாப்பாடு நன்றாக இருந்ததாம். அங்கேயே அவர்கள் அலுவலகத்துக்கு மேசை செய்து தரும் ஆர்டரும் பேசி முடித்தார். எத்தனை நாளில் பணம் என்று கேட்டிருக்கிறார். அறுபது நாள்.

அவர் இப்போது கவுன்டி டெண்டர் பக்கம் போவதில்லை. தனியார் பள்ளிகளுக்கு இரண்டடுக்குக் கட்டில் செய்கிறார். பாதி முன்பணம் வாங்காமல் மரத்தில் ரம்பம் வைப்பதில்லை. பெண்களுக்கென்று ஒதுக்கிய அந்த 30 சதவீதத்தில் அவர் விட்டுவந்த இடத்துக்கு, ஒரு வருடம் காத்திருக்கத் தாங்குகிற ஆள்தான் வர முடியும். வருகிறவர்களில் சிலர், மனைவி பேரிலோ தங்கை பேரிலோ சான்றிதழ் வாங்கிய பெரிய கைகள். இதையும் கணக்கு எழுதுகிற இடத்தில் உட்கார்ந்தே பார்க்கிறேன்.

தமிழ்நாட்டிலிருந்து இயந்திரம், மருந்து, மோட்டார் சைக்கிள் விற்க நைரோபிக்கு வருகிறவர்கள் கூடிக்கொண்டிருக்கிறார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று சிலர் என்னிடம் கேட்பதுண்டு. உங்கள் அலுவலகத்துக்கு அலமாரி செய்கிறவருக்கு, சாப்பாடு கொண்டுவரும் அம்மாவுக்கு, சரக்கு இறக்கும் பையனுக்கு, வேலை முடிந்த அன்றே எம்-பெசாவில் பணத்தை அனுப்புங்கள் என்பேன். ஏஜென்டிடம் அதை ரொக்கமாக எடுக்க ஆகும் கட்டணத்தையும் சேர்த்துப் போடுங்கள். இங்கே அதுதான் மரியாதை.